உள்ள ஏதும் ஊத்துனீகளா?

பாத்ரூமில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர் நின்றது. குளித்து முடித்த ஆர்த்தி பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே தாவினாள்.

"அம்மா, இன்னைக்குச் சுத்தமாப் போகல. நேத்தாச்சும் கொஞ்சங் கொஞ்சமா எறங்குச்சு. குளிச்ச தண்ணிலயே நின்னு குளிக்க அருவருப்பா இருக்கு."

"சரி சரி, கத்தாத. முன் வீட்டுல கேக்கும்" என்றாள் யோகேஸ்வரி.

குளித்த தண்ணீர் போகவில்லை என்பது முன் வீட்டுக்குக் கேட்டால்தான் என்ன? அடைப்பு விழாத வீடு எது? ஆனால் யோகேஸ்வரிக்குக் கொஞ்ச நாளாக எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. தெருவில் ஒரு ஜீப் போனால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். யாராவது கதவைத் தட்டினால் உடனே திறப்பதில்லை. நடு அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் திறக்கிறாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். மூலையில் தண்ணீர் போகிற ஓட்டையின் சல்லடை மூடியைப் பெயர்த்து எடுத்தாள். விளக்குமாற்றில் ஒரு குச்சியை உருவி உள்ளே விட்டாள். அது மளுக்கென்று ஒடிந்தது. மருந்து ஏறாத மத்தாப்புக் கம்பி ஒன்றை எடுத்து, நுனியைத் தூண்டில் போல வளைத்து விட்டுத் துழாவினாள். ஏதோ சிக்கியது. பிடித்து இழுத்தாள்.

வந்தது முடிதான். ஆனால் கறுப்பு முடி இல்லை. எண்ணெயும் சோப்பும் சேர்ந்து திரண்டு, வெயிலில் புரண்ட மீன் வயிறு போல மினுமினுவென்று வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். வெள்ளி பூசின மாதிரி ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றது.

அவளுக்குத் தெரியும் அது என்னவென்று. சட்டென்று ஒரு கேரிபேக்கில் போட்டு இறுக முடிச்சுப் போட்டாள்.

ஆமத்தூரில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் புஸ்வாணக் கூடு ஒட்டுகிறார்கள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, பசை தடவி, காயவைத்துக் கட்டுக் கட்டிக் கொடுக்கிற வேலை. அது வெறும் காகித வேலை. வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே செய்யலாம். அந்தக் கூட்டுக்குள் மருந்தை அடைப்பதுதான் வீட்டில் செய்யக்கூடாத வேலை. உரிமம் வாங்கிய பட்டாசுக் கம்பெனியில், ஒன்றுக்கொன்று எட்ட நிற்கிற தனித்தனி ரூம்களில்தான் அதைச் செய்ய வேண்டும். யோகேஸ்வரியும் அவள் புருஷன் தங்கப்பாண்டியனும் பல வருஷம் அப்படி ஒரு கம்பெனியில்தான் மருந்து அடைத்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் ஒரு நாள் அந்தக் கம்பெனியைப் பூட்டிவிட்டுப் போனார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போன தங்கப்பாண்டியன், ஒரு ஏஜெண்டைப் பிடித்து மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"ஊர்ல எவனும் பாக்காத வேலையா? ஆர்டர் இருக்கு, நமக்குக் கை இருக்கு. சீசன் முடியுற வரைக்குந்தான் புள்ள. ஆர்த்திய காலேஜுல சேக்கணுமா வேண்டாமா?" என்றான்.

சன்னலில் சாக்கு மாட்டினார்கள். நடு அறையில் இருவரும் உட்கார்ந்து அடைத்தார்கள். மேல் முழுக்கப் படிகிற அலுமினியப் பொடியை இந்தப் பாத்ரூமில்தான் கழுவினார்கள். மருந்து சலித்த சல்லடை, பொடி அள்ளிய பேசின், தலையில் கட்டிய துணி எல்லாம் இங்கேதான் அலசியது. கம்பெனியில் என்றால் கையில் இருக்கும் வளையலைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மருந்து ரூமுக்குள் காலெடுத்து வைப்பாள். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். "பொடில ஈரம் பட்டுருச்சா, சூடு தட்டுதா, எதையும் எடுக்க நிக்காத. ஓடு" என்று போர்மேன் தினமும் ஒரே பாட்டாகப் பாடுவார். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாட்டு மறந்துபோயிற்று. வீட்டில் யார் போர்மேன்?

தங்கப்பாண்டியன் அன்று காலையிலேயே ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறிப் போயிருந்தான், ஏஜெண்டைப் பார்க்க. யோகேஸ்வரி போன் போட்டாள்.

"என்னங்க, தண்ணி போகவே மாட்டேங்குது. பிளம்பரக் கூப்புடவா?"

"கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? அவன் வந்து குழாயக் கழட்டுனா என்ன வரும்? வெள்ளியா வரும். ஊரு பூரா டமாரம் அடிச்சிருவான்."

"அப்ப என்ன செய்ய?"

"கடைல அடைப்பு எடுக்குற பவுடர்னு விப்பாக. வாங்கிப் போட்டுச் சுடுதண்ணிய ஊத்து. கரைஞ்சு போயிரும். ஆளு எவனையும் உள்ள விடாத, சொல்லிட்டேன்."

முக்குக் கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தாள். ஒரு ஓட்டைக்குப் பாதிப் பாக்கெட் போதும் என்று கடைக்காரர் சொன்னார். நம் வீட்டு அடைப்பு அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். தேங்கிய தண்ணீரைக் கப்பால் மொண்டு வாளியில் ஊற்றி, கொல்லையில் கொட்டினாள். இரண்டு பாக்கெட்டையும் ஓட்டைக்குள் தட்டி, பின்னாலேயே கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரை ஊற்றினாள்.

'ஸ்ஸ்' என்றது. சோறு பொங்குகிற மாதிரி சாம்பல் நுரை குமுகுமுவென்று மேலே வந்தது. வேலை செய்கிறது என்று அவளுக்கு ஒரு நிம்மதி. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அந்த நிம்மதி அடுப்பைப் பற்றவைக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை.

"ஏ யோகா! இங்கன வந்து பாரு! எங்க வீட்டு அங்கணத்துல ஒங்க வீட்டுக் கங்கையில்ல பொங்கி வருது!"

வீட்டுக்காரம்மா செல்லக்கனியின் குரல் அது. விருதுநகரில் மொத்த மளிகை வியாபாரம் பார்க்கிற குடும்பம். மகன் கடையோடு அங்கேயே இருக்கிறான். செல்லக்கனி மட்டும் இந்த வீட்டின் முன் பாதியில் இருந்துகொண்டு, பின் பாதியை யோகேஸ்வரி குடும்பத்துக்கு விட்டிருந்தாள். இரண்டு பாதிக்கும் தண்ணீர் போகிற குழாய் ஒன்றே. அது பக்கத்துச் சந்து வழியாகப் போய்த் தெரு வாறுகாலில் விழும். பின் பாதியில் அடைத்தால் முன் பாதியில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் ஏறிவிடும்.

யோகேஸ்வரி ஓடினாள். சாம்பல் நுரை அங்கணத்தில் பாத்திரங்களைச் சுற்றி நின்றது.

"பாத்தியா? இதுல எப்புடி நான் சட்டி பான கழுவ? பிளம்பர் தனுஷ்கோடிக்குப் போன் போட்டுட்டேன். பக்கத்துலதான் நிக்கானாம், இப்ப வந்துருவான்."

யோகேஸ்வரி அவசரமாகக் குறுக்கிட்டாள். "எதுக்குக்கா அவரு? இவுக சாயங்காலம் வந்து பாத்துக்கிடுவாகள்ல."

"அதுவரைக்கும் நான் பட்டினி கெடக்கவா? எல்லாம் ஒம் மக முடிதான்த்தா. அம்புட்டு நீளம் வளத்து வச்சிருக்கா. தலைய விரிச்சுப் போட்டா தெருவையே அடைக்கலாம்."

"ஆமக்கா, முடிதான்" என்றாள் யோகேஸ்வரி. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வெட்டுடி வெட்டுடின்னுதான் சொல்லுதேன், கேட்டாத்தான."

பின்னால் வந்து நின்ற ஆர்த்தி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் யோகேஸ்வரி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

தனுஷ்கோடி வந்தான். பழைய மொபெட்டில் பின்னால் ஒரு நீளக் குழாயைக் கட்டி, சாக்கில் சாமான்களோடு வந்து இறங்கினான். ஐம்பதை நெருங்குகிற ஆள். வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, எனக்குச் சாக்கடை விருந்தா? எல போட்டாச்சா?"

"வாப்பா. ஒனக்குன்னுதான் பொங்கி வச்சிருக்கோம். வந்து பாரு."

பாத்ரூம் வாசலில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே தனுஷ்கோடி கேட்டான். "தங்கச்சி, கைய விடுறதுக்கு முன்னால கேட்டுக்கிடுதேன். உள்ள ஏதும் ஊத்துனீகளா? ஆசிட்டு, பவுடரு, அந்த மாதிரி?"

யோகேஸ்வரி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"போன வருசம் ஒரு வீட்டுல ஆசிட்ட ஊத்திட்டு வாய மூடிக்கிட்டு இருந்துட்டாக. நானும் நம்பிக் கைய விட்டேன். பாருங்க." வலது மணிக்கட்டுக்கு மேலே தோல் சுருங்கி வெளுத்திருந்தது. "அதுல இருந்து கேக்காம உள்ள நொழையுறது இல்ல."

பவுடர் ஊற்றினேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் அடுத்த கேள்வி வரும். பவுடருக்கும் கரையாமல் அப்படி என்ன அடைத்திருக்கிறது என்பான். வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் அவிழும். போலீஸ், கேஸ், புருஷன் ஜெயில், வீடு காலி, ஆர்த்தியின் படிப்பு எல்லாம் அந்த ஒரு பதிலுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றன.

"இல்லண்ணே. ஒண்ணும் ஊத்தல."

தனுஷ்கோடி நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? வீட்டில் இருப்பவர்கள் சொல்வதுதான் அவனுக்குத் தெரியும். குனிந்து, நீளமான சுருள் கம்பியை ஓட்டைக்குள் செலுத்தினான். நுரை மணிக்கட்டில் ஏறியது.

"என்ன தங்கச்சி, தண்ணி சுடுது?"

"அது... கொஞ்சம் சுடுதண்ணி ஊத்துனேண்ணே."

"கை வேற நமநமன்னு இருக்கு. என்ன சோப்பு போடுதீக? வீரியமான சோப்புதான்." சிரித்துக்கொண்டே வேட்டியில் துடைத்துக்கொண்டான். கம்பியை மறுபடி முறுக்கினான். "உள்ள வளைவுல கல்லு கெணக்கா பிடிச்சிருக்கு. கம்பி போகாது. வெளிய சந்துல போயி அந்த வளைவ அறுத்துட்டு, புதுசு போட்டுருவோம்."

சாக்கைத் தூக்கிக்கொண்டு அவன் சந்துக்குப் போனான். செல்லக்கனி தன் சமையல்கட்டுச் சன்னலுக்குப் போனாள். அந்தச் சன்னலும் சந்தைப் பார்த்துத்தான் இருந்தது. இன்னொரு சன்னலும் அதே சந்தைப் பார்த்து, அந்தக் குழாய் வளைவுக்குச் சரியாக மேலே இருந்தது. உள்ளே சாக்கு மாட்டிய சன்னல்.

யோகேஸ்வரி பாத்ரூமுக்குள் தனியாக நின்றாள். என்னவோ தோன்ற, சுவரோரம் தெரிந்த குழாயை விரலால் தொட்டாள். விரலை இழுத்துக்கொண்டாள். ஊற்றிய சுடுதண்ணீர் இந்நேரம் ஆறியிருக்க வேண்டும். குழாய் முன்னைவிட அதிகமாகச் சுட்டது. ஸ்ஸ் என்கிற சத்தமும் நிற்கவில்லை.

ஈரம் பட்டுருச்சா, சூடு தட்டுதா...

"அம்மா." ஆர்த்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மறு கையில் காலிப் பாக்கெட். "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சியா? அலுமினியத்துல படக்கூடாதுன்னு போட்டிருக்கு. எங்க கெமிஸ்ட்ரி மிஸ் லேப்ல காட்டுனாக. இந்தப் பவுடர்ல இருக்குறதும் அலுமினியமும் சேந்தாச் சூடாகும், ஒரு வாயு வரும். மொகந்தா வாடையே இருக்காது. ஆனா பக்கத்துல தீக்குச்சியக் கொண்டுபோனா 'பொக்'குனு பிடிக்கும். அவுக டெஸ்ட் டியூப்புல ஒரு சிட்டிகதான் போட்டாக. நீ எம்புட்டு ஊத்துன?"

"ரெண்டு பாக்கெட்டு."

ஆர்த்தியின் கண் நடு அறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது.

யோகேஸ்வரி மறுபடி புருஷனுக்குப் போன் போட்டாள். பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கேட்டது. நடந்ததைச் சொன்னாள்.

"வாயத் தொறக்காத!" என்றான் தங்கப்பாண்டியன். "அறுக்குறவன் அறுத்து மாத்திட்டுப் போகட்டும். சூடு அதுவா ஆறிரும். இப்ப போயி ஏதாச்சும் ஒளறுன, நம்ம கத முடிஞ்சுது. புரியுதா?"

"அவருக்குக் கை எரியுதாம்ங்க."

"எரிஞ்சா மருந்து போடச் சொல்லு! நான் பஸ் ஏறிட்டேன், வந்துருதேன். அதுவரைக்கும் கம்முனு இரு."

போன் அணைந்தது. சந்தில் ரம்பம் குழாயை அறுக்கிற சத்தம் வந்தது. கர்ர், கர்ர். அவள் நடு அறைக் கதவில் சாய்ந்து நின்றாள். கதவுக்குப் பின்னால், சன்னலுக்குக் கீழே, மருந்து அடைத்த புஸ்வாணங்கள் மூடை மூடையாக இருந்தன. ரம்பம் நின்றது. அப்பாடா, அறுத்துவிட்டான். இனி புதுக் குழாயை மாட்டிவிட்டுப் போய்விடுவான். ஒன்றும் ஆகாது. எத்தனையோ நாள் ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கும் ஆகாது.

சந்தில் தனுஷ்கோடியின் குரல் கேட்டது. "என்னக்கா இது, அறுத்த எடத்துலயும் நொர நொரையா வருது. சரி, புதுக் குழாய் வாய் இறுக்கமா இருக்கு. கொஞ்சம் அனல்ல காட்டி வாய விரிக்கணும். பழைய பேப்பர் இருந்தாக் குடுங்க. தீப்பெட்டியும்."

குழாய் நுனியை எரிகிற காகிதத்தில் காட்டி இளக்கி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுவது பிளம்பர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். தினமும் செய்கிறார்கள்.

"இந்தா, பிடி" என்று செல்லக்கனி சன்னல் வழியாக நீட்டுவது கேட்டது. தீப்பெட்டி குலுங்கியது. உள்ளே குச்சிகள் ஒன்றோடொன்று உரசுகிற அந்தச் சின்னச் சத்தம்.

யோகேஸ்வரி எப்படிப் பின் கதவைத் திறந்தாள், எப்படிச் சந்துக்குள் போனாள் என்று அவளுக்கே தெரியாது. தனுஷ்கோடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். சுருட்டிய பேப்பர் ஒரு கையில். குச்சியைப் பெட்டியில் வைத்துவிட்டான்.

"கொளுத்தாதீக! அண்ணே, கொளுத்தாதீக!"

பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். தீப்பெட்டி தள்ளிப் போய் விழுந்தது.

"ஏ தங்கச்சி! கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"நான் பவுடர் ஊத்துனேண்ணே. ஒங்க கிட்டப் பொய் சொல்லிட்டேன். ரெண்டு பாக்கெட்டு ஊத்துனேன். குழாய்க்குள்ள பூரா அலுமினியப் பொடி கெடக்கு. ரெண்டும் சேந்து எரியுற வாயு வருது."

"அலுமினியப் பொடியா? வீட்டுக் குழாயில அது எப்புடி வந்துச்சு?"

இதுதான் அவள் காலையில் இருந்து பயந்துகொண்டிருந்த கேள்வி. மேலே சாக்குச் சன்னல். சமையல்கட்டுச் சன்னலில் செல்லக்கனியின் முகம்.

"இந்தச் சன்னலுக்குப் பின்னால மருந்து அடைச்ச புஸ்வாணம் மூடை மூடையா இருக்கு. நாங்கதான் அடைச்சோம்."

அறுத்த குழாயின் வாயில் நுரை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி கையில் இருந்த பேப்பரை மெள்ளக் கீழே வைத்தான். அவன் வாயில் அன்று முதல் தடவையாகக் கேலி இல்லை.

"எல்லாரும் வெளிய போங்க. அக்கா, அடுப்பு எரியுதா? அமத்துங்க." பின் கதவில் வந்து நின்ற ஆர்த்தியிடம் திரும்பினான். "பாப்பா, லைட்டு சுவிட்சு எதையும் தொடாத. அப்படியே தெருவுக்குப் போ."

தெருவுக்கு வந்ததும் யோகேஸ்வரி முதலில் செய்த வேலை போன் போட்டதுதான். நூற்றியொன்று, தீயணைப்பு நிலையத்துக்கு. தெருப் பேர், வீட்டு அடையாளம், உள்ளே என்ன இருக்கிறது என்பது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். ஆள் பேர் கேட்டார்கள். தன் பேரையும் சொன்னாள். நடுவில் தங்கப்பாண்டியன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை.

தனுஷ்கோடியின் வலது கை மணிக்கட்டில் இருந்து சிவந்து தடித்திருந்தது. செல்லக்கனி மஞ்சளைக் குழைத்துப் போடலாம் என்றாள். கூட்டத்தில் ஒருவர் பேஸ்ட்டு தடவச் சொன்னார். "ஒண்ணும் தடவாதீக, தண்ணிதான். நெறைய தண்ணி" என்று கத்திக்கொண்டே ஆர்த்தி அவனைத் தெருக்குழாயடிக்கு இழுத்துப் போனாள். குழாயைத் திறந்து, அவன் கையை அதன் கீழே பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள்.

செல்லக்கனி எதிர் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் மெள்ளத்தான் வந்தது. முதலில் வந்தது திகைப்பு.

"நான் அந்த ரூம் செவத்துலல்ல தலைய வச்சுப் படுக்கேன்" என்றாள். "ஏத்தா, பொங்கலுக்கு எம் பேரன் வந்து அங்கனதான படுத்திருந்தான். நீயும் வந்து அவனுக்கு முறுக்குக் குடுத்தியே. ஒனக்கு எப்புடி மனசு வந்துச்சு?"



தீயணைப்பு வண்டி வந்தது. பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்தது. தெருவைக் காலி செய்யச் சொன்னார்கள். குழாய் வழியே தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி, சூடு அடங்கும் வரை அடித்தார்கள். நடு அறையைத் திறந்து மூடைகளை நனைத்து நனைத்து வெளியே எடுத்தார்கள். ஒவ்வொரு மூடை வரும்போதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கடைசி மூடை வந்த பிறகு முனகல்கூட இல்லை.

தங்கப்பாண்டியன் பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடி வந்தான். மூடைகளைப் பார்த்தான். போலீஸைப் பார்த்தான். நேராக மனைவியிடம் வந்தான்.

"அவன் வேலைய முடிச்சிட்டுப் போயிருப்பான்ல? கால் மணி நேரம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா என்ன? ஏஜெண்டு போனையே எடுக்க மாட்டேங்கான். எல்லாத்தையும் கெடுத்துட்டியே, யோகா!"

"கொளுத்தப் போனாருங்க" என்றாள் அவள். "குச்சிய ஒரசுறதுக்குப் பெட்டில வச்சிட்டாரு. நான் உள்ள நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

தங்கப்பாண்டியனின் பார்வை சந்துக்குப் போனது. அறுத்த குழாய், அதன் மேலே சாக்குச் சன்னல், கீழே கிடந்த சுருட்டிய பேப்பர். பல வருஷம் மருந்து ரூமில் வேலை பார்த்தவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து, "யாரும்மா செஞ்சது இது?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருந்தான் சார்" என்றாள் யோகேஸ்வரி.

"ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வரணும்."

அவள் மகளைத் தேடினாள். ஆர்த்தி குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். செல்லக்கனி எழுந்து வந்தாள். யோகேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வீட்டக் காலி பண்ணிரணும். அதுல மாத்தம் இல்ல. புள்ள மட்டும் நீங்க வர்ற வரைக்கும் எங் கூட இருக்கட்டும். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

தனுஷ்கோடி கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராக நின்றான். யோகேஸ்வரி அவன் முன்னால் போய் நின்றாள். கையெடுத்துக் கும்பிடப் போனாள். அவன் தலையை ஆட்டி வேண்டாம் என்றான்.

"மொதல்லயே சொல்லிருக்கலாம் தங்கச்சி" என்றான். "நான் கேட்டேன்ல?" யாரோ ஒருவருடைய பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு போனான்.

ஜீப்பின் பக்கம் நடந்தபோது யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். நாலு வீடு தள்ளி இருக்கிற செல்வலட்சுமி. எப்போதும் வாசலில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டே கூடு ஒட்டுகிறவள். இப்போது முந்தானையை இழுத்து வாயை மூடியிருந்தாள்.

"யோகா, நீ எந்த நம்பருக்குப் போன் போட்ட?"

"எதுக்குக் கேக்க?"

செல்வலட்சுமி சுற்றும் முற்றும் பார்த்தாள். "எங்க வீட்டு மாடி ரூம்லயும் இருக்கு. நாளைக்குக் கேஸ் சிலிண்டர் மாட்ட ஆளு வருவான்."

யோகேஸ்வரி நின்றாள். ஏட்டு அவசரப்படுத்தினார். அவள் நகரவில்லை.

"நாளைக்கு வரைக்கும் வைக்காத செல்வி. நம்ம உசுருக்கு நாமளே துணிஞ்சுட்டோம்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது பொய்யி. வீட்டுக்குள்ள மருந்த ஒளிச்சு வச்சா, நம்மள நம்பி வாசல் மிதிக்கிற ஒவ்வொருத்தன் உசுரையும் அவனக் கேக்காமயே எடுத்துப் பணயம் வச்சுருதோம். சிலிண்டர்க்காரன், பிளம்பரு, பக்கத்துச் செவத்துல தல வச்சுப் படுக்குறவுக, எல்லார் உசுரையும். வயித்துப் பொழப்புக்குன்னு செஞ்சாலும் அது கொல பாதகந்தான். கேஸு வந்தா வரட்டும். ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வந்துருவான்."

ஜீப்பில் ஒரு காலை வைத்தவள், திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"நூத்தியொண்ணு. இப்பவே போடு."